மூன்று இரவு, நான்கு பகல், ஒரு மண்சட்டி

கோட்டைக்குப்பத்துத் தெய்வசிகாமணி நல்ல மனசோடு ஒரு யோசனை சொன்னான். அதில் அவனுடைய சிநேகிதனின் இருபத்தெட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் போய்விட்டது. கெட்ட மனசுக்காரர்கள் ஆள் வைத்துச் செய்திருந்தால்கூட அத்தனை சுத்தமாக முடிந்திருக்காது.

சிநேகிதன் பெயர் அமலதாஸ். மன்னார்ப் பக்கத்துக்காரன். தொண்ணூறாம் வருஷத்துச் சண்டையில் எட்டு வயசுப் பையனாக அப்பா அம்மாவோடு படகேறி வந்தவன். அப்போதே கல்யாணமாகியிருந்த அக்கா தலைமன்னாரிலேயே தங்கிவிட்டாள். கும்மிடிப்பூண்டிப் பக்கத்து முகாமில் இவர்களுக்குத் தற்காலிகமாக ஓர் அறை ஒதுக்கினார்கள். அந்தத் தற்காலிக அறையில் அமலனுக்கு மீசை முளைத்தது, சுகந்தியோடு கல்யாணம் ஆயிற்று, மகள் பிறந்தாள், முன்மண்டையில் வழுக்கையும் விழுந்துவிட்டது. தற்காலிகம் மட்டும் இன்னும் முடியவில்லை.

தொழில், படகுக்குப் பெயிண்ட் அடிப்பது. கோடையில் கோட்டைக்குப்பத்து ஏரி கடலில் சேரும் முகத்துவாரத்தை மணல் மூடிக்கொண்டால் குப்பத்து ஃபைபர் படகுகள் கரையேறிவிடும். ஆடித் திருவிழாவுக்குள் அத்தனைக்கும் புதுப் பெயிண்ட் ஏறியாக வேண்டும். அமலன் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு ஒரு படகை முடிப்பதற்குள், கம்ப்ரஸரும் ஸ்பிரே கன்னும் வைத்திருக்கிற பொன்னேரிக்காரர்கள் நாலு படகை முடித்துக் கூலியையும் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் அவனும் ஒரு கம்ப்ரஸருக்காகக் காலி பெயிண்ட் டப்பா ஒன்றில் காசு சேர்த்தான். முகாம் அறையின் பூட்டில் நம்பிக்கை இல்லாததால் டப்பா சிகாமணி வீட்டில் இருந்தது. அது நிரம்பி, நாளைக்குக் கடைக்குப் போகலாம் என்றிருந்த அன்றைக்குத்தான் போன் வந்தது.

"வாழ்த்துகள், அமலதாஸ் சார்!"

அமலன் பிரஷ்ஷைக் கீழே போட்டுவிட்டான். பிறந்ததிலிருந்து யாரும் அவனை சார் என்று கூப்பிட்டதில்லை. வரிசையில் நில், தள்ளி நில், நாளைக்கு வா, இவைதான் அவனுக்குப் பழக்கம்.

"நான் சரண்யா பேசறேன் சார். எங்க விடுமுறைக் குலுக்கல்ல உங்க நம்பருக்குப் பரிசு விழுந்திருக்கு. மூணு நைட், நாலு டே. கோவா, மணாலி, ஸ்ரீலங்கா, எங்க சார் போறீங்க?"

ஊருக்குப் போய் அக்காவைப் பார்த்துவர அனுமதி கேட்டு அமலன் போட்ட மனு ஒன்பது வருஷமாக எந்த மேஜையிலோ தூங்கிக்கொண்டிருந்தது. இங்கே ஒரு பெண் சாம்பாரா ரசமா என்று கேட்பது மாதிரி ஸ்ரீலங்காவா என்று கேட்கிறாள். பரிசு முற்றிலும் இலவசம், பதிவுச் செலவு மட்டும் இருபத்தெட்டாயிரத்து ஐந்நூறு, அதையும் இந்த ஒரு மணி நேரத்துக்குள் கட்ட வேண்டும் என்றாள் சரண்யா. அமலன் போனைப் பொத்திக்கொண்டு, பக்கத்தில் நின்ற சிகாமணியைப் பார்த்தான்.

"அண்ணை, காசு கேக்கிறா. என்ன செய்யுறது?"

இந்த இடத்தில் கோட்டைக்குப்பத்து வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஏரியில் எந்தத் தலைக்கட்டு எந்த இடத்தில் வலை போடுவது என்பதைப் பாடு என்பார்கள். அதை அதிகாரியோ கோர்ட்டோ தீர்ப்பதில்லை. கோயில் வாசலில் வட்டமாக உட்கார்ந்து, மண்சட்டியில் சீட்டுப் போட்டுக் குலுக்கி எடுப்பார்கள். சீட்டு விழுந்தவன் அந்த மணியிலேயே வெற்றிலைபாக்குப் பணம் வைத்துவிட வேண்டும். வேண்டாம் என்று சொல்லவே கூடாது. அதேபோல், விழுந்தது அவன் கைக்கு வந்து சேரும்வரை சட்டியைக் கவிழ்க்கக் கூடாது. சட்டியைத் தொட்டவன் அதுவரை வட்டத்தை விட்டு எழுந்திருக்கவும் கூடாது. இந்த மூன்று விதியையும் மீறினவன் கோட்டைக்குப்பத்தில் இதுவரை கிடையாது. இந்த வருஷம் சட்டி பிடிக்கும் முறை சிகாமணியுடையது.

அப்பேர்ப்பட்டவனிடம் குலுக்கல், பதிவுப் பணம், ஒரு மணி நேரம் என்று மூன்றையும் சேர்த்துச் சொன்னால் அவன் என்ன சொல்வான்?

"இன்னா அமலா, முழிச்சிகினு கீற? சீட்டு வுயுந்தாச்சி! வுயுந்த சீட்ட வாணாம்னா சாமி குத்தம்டா. கட்டுடா மொதல்ல!"

அவனே வீட்டுக்கு ஓடி டப்பாவைத் திறந்து பணத்தை எடுத்துக்கொண்டு, தன் கணக்கிலிருந்து தன் போனிலேயே அனுப்பியும் வைத்தான். பரோபகாரம் என்றால் அரைகுறையாகச் செய்யக்கூடாது என்பது அவன் கொள்கை.

சாயங்காலம் மீன் விற்றுத் திரும்பிய சிகாமணியின் மனைவி இந்திராணி, கூடையை இறக்குவதற்கு முன்னாலேயே புருஷனின் முகத்தைப் பார்த்து ஏதோ ஆகிவிட்டது என்று கண்டுபிடித்தாள். விஷயத்தைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"யோவ், பரிசு குடுக்கறவன் துட்டு கேப்பானாயா?"

"பாட்டுச் சீட்டு வுயுந்தா நாம்ப வெத்தலபாக்குப் பணம் வெக்கல?"

"அது சாமிக்கி. இவ இன்னா சாமியா?"

அந்த நேரத்தில் சரண்யாவே மறுபடி கூப்பிட்டு, விமான நிலையப் பராமரிப்பு வரி என்று இன்னொரு பன்னிரண்டாயிரம் கேட்டாள். அத்தோடு சிகாமணிக்கும் வெளிச்சம் வந்துவிட்டது. அமலன் படகின் நிழலில் உட்கார்ந்துவிட்டான். கம்ப்ரஸருக்குக் கடையில் சொல்லியாயிற்று என்று காலையில்தான் சுகந்தியிடம் பெருமையடித்துவிட்டு வந்திருந்தான். அவளுடைய தோட்டை அடகு வைத்த காசும் அந்த டப்பாவுக்குள் போயிருந்தது. சிகாமணிக்குத் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

"நீ வீட்டுக்குப் போடா. ஆடிக்குள்ள உன் துட்ட நான் வாங்கிக் குடுக்கறேன்" என்றான்.

எப்படி என்று அவனுக்கே தெரியாது.

பொன்னேரியில் ஒரு மையம் இருந்தது. பரிசு மோசடித் தடுப்பு, மீட்பு மற்றும் விழிப்புணர்வு ஒருங்கிணைப்பு மையம் என்பது அதன் முழுப்பெயர். பலகை நீளமாகப் போய்விட்டதால் 'மையம்' என்ற சொல் மட்டும் பக்கத்து ஜெராக்ஸ் கடையின் சுவரில் இருந்தது. மோசடி நடந்த முதல் ஒரு மணி நேரம் பொன்னான நேரம், உடனே எங்களை அழையுங்கள் என்று எல்லாச் சுவரிலும் எழுதியிருந்தார்கள். சிகாமணியும் அன்றைக்கே அழைத்திருந்தான். 'பொன்னான நேரத்தை வீணாக்காதீர்கள், காத்திருக்கவும்' என்று ஒரு குரல் வீணை வாசிப்போடு அந்த ஒரு மணி நேரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தது. பிறகு, பொன்னான நேரம் முடிந்துவிட்டதால் நேரில் வரவும் என்றது.

நேரில் போனார்கள். டோக்கன் கொடுக்கிற வித்யா என்ற பெண் அவர்களை ஒருங்கிணைப்பாளர் தமிழ்வாணனிடம் அனுப்பினாள். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி, மேஜை நிறைய நினைவுப் பரிசுகள். எல்லாம் அவர் அடுத்தவர்களுக்குக் கொடுக்க வாங்கி, மிச்சமானவை.

"எங்க போறதா இருந்தீங்க?" என்று கேட்டார்.

"இலங்கைக்கு, சேர்" என்றான் அமலன்.

"நீங்க எந்த நாட்டுக்காரர்?"

"இலங்கைதான், சேர்."

தமிழ்வாணன் பேனாவை மூடினார். "சொந்த நாட்டுக்கு யாரும் சுற்றுலா போக முடியாது. போனா அது தாயகம் திரும்புதல். அதுக்கு வேற ஆபீஸ், வேற மனு."

"அது போட்டனான், சேர். ஒன்பது வருசமாச்சு."

"ஒரு மனு நிலுவையில இருக்கிறப்ப இன்னொரு வழியா போகப் பார்த்திருக்கீங்க! நல்லவேளை, அவங்க ஏமாத்தினாங்க. நிஜமாவே டிக்கெட் குடுத்திருந்தா, பாஸ்போர்ட் இல்லாம ஏர்போர்ட்டுல நின்னிருப்பீங்க. அப்ப உங்க மேலதான் கேஸ். அந்த வகையில பார்த்தா மோசடிக்காரங்க உங்களைக் காப்பாத்தியிருக்காங்க."

"அப்ப அவங்களுக்கு நாங்க மாலை போடணுமா சார்?" என்றான் சிகாமணி.

"நீங்க யாரு?"

"துட்டு என் போன்லேர்ந்துதான் சார் போச்சி. இவன் என்கிட்ட குட்த்தான், நான் அனுப்புனேன்."

தமிழ்வாணனின் முகம் மலர்ந்தது. "அதாவது, இவர் பணத்தைக் குடுத்தது உங்ககிட்ட. வாங்கினது நீங்க. இவரைப் பொறுத்தவரை பணம் உங்களோட முடியுது. வித்யா! இந்தக் கேஸ்ல குற்றவாளி கிடைச்சாச்சு."

அப்படியாக, புகார் கொடுக்கப் போன சிகாமணி தற்காலிகக் குற்றவாளி ஆனான். அசல் குற்றவாளி அகப்படும்வரை மட்டும்தான் இந்த ஏற்பாடு, இதனால் மையத்தின் கண்டுபிடிப்பு விகிதம் நூறு சதவீதம் ஆகிறது, மனசில் எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று தமிழ்வாணன் கைகுலுக்கினார். குற்றவாளிக்கு மனித உரிமைப்படி மின்விசிறிக்குக் கீழே நாற்காலியும் டீயும் உண்டு. புகார்தாரருக்கு இரண்டும் கிடையாது. அன்றுமுதல் மையத்துக்குப் போகும்போதெல்லாம் சிகாமணி டீ வாங்கிப் பாதியை அமலனுக்குக் கொடுப்பான்.

மூன்றாவது தடவை போனபோது தமிழ்வாணன் வாசலுக்கே வந்து அமலனைக் கையைப் பிடித்து அழைத்துப் போனார். மையம் தொடங்கி ஒன்றரை வருஷமாகியும் மேடையேற்றிக் காட்ட அதற்கு ஏமாந்தவர் ஒருவரும் அமையவில்லையாம். ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு வருவதில்லை, வந்தவர்களும் டோக்கன் வரிசையிலேயே சலித்துத் திரும்பிவிடுகிறார்கள். விடாமல் வருகிறவன் இவன் ஒருத்தன்தான்.

அதற்கடுத்த வாரம் மீஞ்சூரில் விழிப்புணர்வுக் கூட்டம். அமலனை மேடையேற்றி, "நம் மையத்தின் முதல் பயனாளி!" என்று அறிமுகப்படுத்தினார் தமிழ்வாணன். சால்வை போட்டார்கள். நினைவுப் பரிசு கொடுத்தார்கள். அமலன் நடுங்கிக்கொண்டே தான் ஏமாந்த கதையைச் சொன்னான். கைதட்டல் பிய்த்துக்கொண்டு போயிற்று. பிறகு திருவள்ளூர், அரக்கோணம், ஆவடி. போகப்போக அவனுக்கும் கதை சொல்லும் லாகவம் வந்துவிட்டது. சரண்யாவின் குரலில் அவன் பேசும்போது பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கடைசியில் மட்டும் மையம் எழுதிக் கொடுத்ததை ஒரு சொல் விடாமல் சொல்ல வேண்டும்: "வாழ்த்துகள் எண்டு சொல்லிப்போட்டுக் காசு கேட்டா, அவன் கள்ளன். ஆராயிருந்தாலும் கள்ளன். உடனே இந்த நம்பருக்கு அடியுங்கோ!"

வெளியூரில் ஓர் இரவு தங்க அமலனுக்கு அனுமதி வேண்டும். முன்பு மாமனார் சாவுக்குக் கேட்டபோது, காரியம் எல்லாம் முடிந்த பிறகு கிடைத்தது. இப்போது மையத்தின் ஒரு போனுக்கு அரை மணியில் கிடைத்தது. சால்வைகள் குவிந்தன. பெயிண்ட் கடையில் இனாமாகக் கொடுக்கிறார்கள் என்று சுகந்தியிடம் சொன்னான். அவள் நம்பாமலே ஜன்னலுக்குத் திரை தைத்தாள்.

"கொம்ப்ரசர் எங்க?" என்று கேட்டாள்.

"வருது" என்றான்.

ஆனி பாதி முடிந்த ஒரு நாள், தமிழ்வாணன் வெளியே போயிருந்த நேரத்தில், வித்யா மெதுவாக சிகாமணியின் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்தாள்.

"அண்ணா, நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. அந்தப் பணம் போகவே இல்லை. அன்னைக்கே பேங்க்ல நிறுத்தி, நம்ம மையத்துக் கணக்குக்கு அனுப்பிட்டாங்க. சார் ஒரு பொத்தானை அழுத்தினா உங்களுக்கு வந்துடும்."

சிகாமணிக்கு டீ புரையேறியது. தமிழ்வாணன் திரும்பி வந்ததும் வராததுமாகக் கேட்டுவிட்டான். அவர் கொஞ்சமும் அசரவில்லை. நாற்காலியில் சாய்ந்து, மேடையில் பேசுவதுபோலவே ஆரம்பித்தார்.

"தெய்வசிகாமணி, உணர்ச்சிவசப்படாம யோசிங்க. பணம் திரும்பி வந்துட்டா அவர் ஏமாந்தவர் இல்லை. ஏமாந்தவரே இல்லாத மையத்தை அரசாங்கம் எதுக்கு நடத்தும்? மூடிருவாங்க. மூடிட்டா, நாளைக்கு ஏமாறப்போற லட்சக்கணக்கான மக்கள் எங்க போவாங்க? அவங்களுக்காகத்தான் இவர் பணத்தை நான் கண்ணும் கருத்துமா காப்பாத்திக்கிட்டு இருக்கேன். மோசடிக்காரன் பணத்தை மட்டும் எடுப்பான். நான் இவருக்கு மேடை குடுத்திருக்கேன், சால்வை குடுத்திருக்கேன். அடுத்த மாசம் ராமேஸ்வரத்துல மாநில மாநாடு. மூணு ராத்திரி, நாலு பகல். இவர்தான் சிறப்புப் பயனாளி."

வெளியே வந்ததும் சிகாமணி வாயில் வந்ததெல்லாம் பேசினான். அமலன் அவனுக்குப் பின்னால் நடந்தான். பஸ் நிறுத்தத்தில் நின்று சொன்னான்: "அண்ணை, ராமேஸ்வரத்திலயிருந்து தனுஷ்கோடி கிட்டத்தானே. அங்கால தலைமன்னார்."

பிறகு அமலனே தலையை உலுக்கிக்கொண்டான். "வேணாம் அண்ணை. சுகந்தியின்ட தோடு. காசு வரட்டும்."

ஆடி பிறப்பதற்கு முந்தின வாரம் மையம் கோட்டைக்குப்பத்திலேயே ஒரு கூட்டம் போட்டது. மேலிடத்து அதிகாரி ஒருவர் தலைமை. மீன் வேலையை விட்டுவிட்டு உபதேசம் கேட்கக் குப்பத்து ஜனங்கள் வரமாட்டார்கள் என்று தமிழ்வாணனுக்குத் தெரியும். ஆகவே நோட்டீஸ் அடித்தார்: 'அனைவரும் வருக! குலுக்கலில் மிக்ஸி வெல்க! குலுக்கல் மோசடிகளை நம்பாதிருக்கக் கற்றுக்கொள்க! பிரியாணி உண்டு.'

குப்பத்துப் பஞ்சாயத்து ஒரே ஒரு நிபந்தனை வைத்தது. இந்த மண்ணில் குலுக்கல் நடந்தால் நம் சட்டியில்தான் நடக்க வேண்டும். தமிழ்வாணனுக்குப் பரம சந்தோஷம். போட்டோவுக்கு அழகாக இருக்கும் என்று தானே சட்டியை ஏந்திக்கொண்டார்.

"சார், சட்டியத் தொட்டா அதுக்குன்னு ஒரு முறை கீது சார்" என்று சிகாமணி எச்சரித்தான்.

"மரபை மதிப்பது என் இரத்தத்தில் ஊறியது" என்றார் தமிழ்வாணன். சுற்றியிருந்த ஜனங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு வட்டமாக உட்கார்ந்தார்கள். மேலிடத்து அதிகாரியும் ஆர்வமாக வந்து ஒரு கையைச் சட்டியின் மேல் வைத்தார்.

முதலில் அமலன் பேசினான். அன்றைக்கு அவன் பேச்சு உச்சத்தில் இருந்தது. வாழ்த்துகள் என்று சொல்லிக் காசு கேட்பவன் யாராக இருந்தாலும் கள்ளன் என்று முடித்தபோது பெண்களெல்லாம் அந்த நம்பரைப் போனில் ஏற்றிக்கொண்டார்கள். பிறகு அதிகாரி பேசினார். பிறகு தமிழ்வாணன் முழங்கினார். "தோழர்களே! ஏமாந்தவர்களே நம் சொத்து! எங்களிடம் வந்த ஒரு ரூபாயைக்கூட நாங்கள் வெளியே விட்டதில்லை!" கடைசியில் குலுக்கல். அதிகாரி சட்டிக்குள் கைவிட்டு எடுத்த சீட்டில் இந்திராணியின் பெயர் இருந்தது.

"வாழ்த்துகள், இந்திராணி அம்மா!" என்று தமிழ்வாணன் ஒரு பெட்டியை நீட்டினார். போட்டோ எடுத்தார்கள். எடுத்து முடிந்ததும் அவரே பெட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அது காலிப் பெட்டி.

"மிக்ஸி தலைமையகத்திலேர்ந்து வரும்மா. அதுக்கு முன்னாடி வரி, அனுப்பும் செலவு, எல்லாம் சேர்த்து எண்ணூத்தம்பது ரூபாய் மட்டும் கட்டிடுங்க. இன்னைக்கே கட்டினா நல்லது."

எல்லோரும் அமலனைப் பார்த்தார்கள். அமலன் தமிழ்வாணனைப் பார்த்தான். இந்திராணி மடியிலிருந்து போனை எடுத்தாள்.

மேடையில் தமிழ்வாணனின் சட்டைப்பை பாட ஆரம்பித்தது. கூட்டம் நடக்கும் நாட்களில் மையத்தின் உதவி எண்ணை அவர் தன் கைபேசிக்கே மாற்றி வைத்திருப்பார். அதிகாரிக்கு ஒரே பூரிப்பு. "பாருங்க, எவ்வளவு விழிப்புணர்வு! ஸ்பீக்கர்ல போடுங்க, எல்லாரும் கேக்கட்டும்."

"ஹலோ, மையங்களா?" என்றது ஸ்பீக்கர். "இங்க ஒர்த்தரு பரிசு வுயுந்துச்சின்னு சொல்லி துட்டு கேக்குறாரு சார். கள்ளன் போலக்கீது."

"ஆள் எப்படி இருக்கார்? அடையாளம் சொல்லுங்கம்மா!" என்று அதிகாரியே போனுக்குள் கத்தினார்.

"வெள்ளச் சட்ட, கறுப்புக் கண்ணாடி. கைல காலிப் பொட்டி வெச்சிக்கினு கீறாரு."

"எங்கே இருக்கார்?"

"உங்க பக்கத்துலதான் சார்."

அதற்குள் குப்பத்துப் பெண்கள் மொத்தப் பேரும் நம்பரை அடித்துக்கொண்டிருந்தார்கள். தமிழ்வாணனின் கைபேசி துள்ளித் துள்ளி மேஜையிலிருந்து கீழே விழுந்தது. வித்யா மடிக்கணினியைப் பார்த்து எழுந்து நின்றாள்.

"சார், பொன்னான நேரத்துக்குள்ள மூணு புகாருக்கு மேல வந்தா குற்றம் சாட்டப்பட்டவரோட கணக்கு தானா முடங்கிடும். நம்ம மையத்துக் கணக்கு முடங்கிடுச்சு சார்."

இதைக் கேட்ட பிரியாணிக்காரர், தனக்கு வரவேண்டிய செக்கை நினைத்து, திறந்த அண்டாவை மறுபடி மூடி அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். வாசனை மட்டும் வந்துகொண்டிருந்தது. அதிகாரி முகம் சிவக்க எழுந்து காருக்குப் போகப் பார்த்தார். சிகாமணி பவ்யமாகக் கையைக் கட்டிக்கொண்டு குறுக்கே நின்றான்.

"சார், சட்டியத் தொட்டவங்க வட்டத்த வுட்டு ஏந்திரிக்கக் கூடாது சார். பரிசு கைல வந்து, சட்டியக் கவுத்தப்பறம்தான் போவணும். பெரிய மனுசங்க நீங்களே மீறுனா அப்பால எங்க பாட்ட யாரு மதிப்பாங்க?"

அதிகாரி சுற்றிலும் பார்த்தார். வேறு யாரும் அவரைத் தடுக்கவில்லை. எல்லோரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அவர் மறுபடி உட்கார்ந்தார். "தமிழ்வாணன், கணக்கை எப்படித் திறக்கிறது?"

"மையம் பிடிச்சு வெச்சிருக்கிற பணம் எல்லாத்தையும் உரியவங்களுக்குத் திருப்பிட்டா தானா திறந்துடும் சார்" என்று வித்யா பதில் சொன்னாள். "முடங்கியிருக்கும்போதும் அந்தப் பொத்தான் மட்டும் வேலை செய்யும். இதுவரைக்கும் யாரும் அழுத்தினதில்லை."

"எத்தனை பேருக்குத் திருப்பணும்?"

"ஒருத்தருக்குத்தான் சார்."

தமிழ்வாணன் அமலனைப் பார்த்த பார்வை, பெற்ற பிள்ளையைத் தத்துக் கொடுக்கிறவரின் பார்வை. பிரியாணி வாசனை வீசிற்று. அதிகாரி இருமினார். தமிழ்வாணன் பொத்தானை அழுத்தினார். சிகாமணியின் போன் சிணுங்கிற்று. இருபத்தெட்டாயிரத்து ஐந்நூறு, முழுசாக. சிகாமணி அமலனைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டான். இரண்டு பேருமே அழுதுவிட்டார்கள்.

"நீங்களும் இப்ப நிரபராதி ஆயிட்டீங்கண்ணா" என்றாள் வித்யா.

"அப்ப டீ?"

"இனிமே கிடையாது."

மிக்ஸியைத் தமிழ்வாணன் சொந்தக் காசில் வாங்கினார். அதிகாரியின் டிரைவர் பொன்னேரிக்குப் போய்க் கொண்டுவந்தார். இந்திராணி பெட்டியைத் திறந்து, பிளக்கில் சொருகி, ஓடுகிறதா என்று பார்த்துத் தலையசைத்த பிறகுதான் சிகாமணி சட்டியைக் கவிழ்த்தான், பிரியாணிக்காரர் அண்டாவை விட்டு இறங்கினார். சாப்பிட்டுக் கைகழுவியதும் தமிழ்வாணன் மறுபடி மைக்கைப் பிடித்து, ஒரே நாளில் இத்தனை புகார் பெற்று அத்தனையையும் அன்றே தீர்த்த மையம் இந்த மாநிலத்தில் வேறு உண்டா என்று சவால் விட்டார். அதிகாரி கைதட்டினார்.

ஆடித் திருவிழாவுக்குள் அமலனின் கம்ப்ரஸர் பத்துப் படகை முடித்தது. சுகந்தியின் காதில் தோடு திரும்ப ஏறிற்று. கதையை அவளிடம் இந்திராணிதான் சொன்னாள். சுகந்தி ஒரு நாள் முழுக்க அவனோடு பேசவில்லை, மறுநாள் சிரித்துவிட்டாள்.

ஆனால் ராமேஸ்வரம் கைநழுவிப் போய்விட்டது. ஸ்பிரே கன்னை நிறுத்திவிட்டு அமலன் சில சமயம் தெற்கே பார்த்துக்கொண்டு நிற்பான்.

ஒரு மத்தியானம் அமலனுக்குப் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டான்.

"வாழ்த்துகள், அமலதாஸ்!" தமிழ்வாணனின் குரல். "நீங்க தேர்வாகியிருக்கீங்க. மாநிலத்துலயே பணம் திரும்பக் கிடைச்ச ஒரே ஆள் நீங்கதானாம், மேலிடத்துல கேக்கறாங்க. ராமேஸ்வரம். மூணு ராத்திரி, நாலு பகல்."

கம்ப்ரஸர் நின்றது. இந்திராணி தன் போனைக் கையில் எடுத்தாள்.

"காசு ஏதும் கட்ட வேணுமோ, சேர்?" என்று கேட்டான் அமலன்.

"பயனாளி பங்களிப்புன்னு ஒரு சின்னத் தொகை..."

இந்திராணி பொத்தானைத் தட்டும் சத்தம் அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும்.

"வேண்டாம், வேண்டாம்! மையமே ஏத்துக்கும்!"

"தனுஷ்கோடிக்குக் கூட்டிக்கொண்டு போவியளோ, சேர்?"

"அது நிகழ்ச்சி நிரல்ல இல்லையே. எதுக்கு?"

"அக்கா அங்கால கரையில வந்து நிப்பா. நான் இங்கால நிண்டாக் காணும், அது போதும்."

நிகழ்ச்சி நிரலில் இல்லாத இடத்துக்கு முகாம்வாசியை அழைத்துப் போக எத்தனை துறையின் ஒப்புதல் வேண்டும் என்று தமிழ்வாணன் விளக்க ஆரம்பித்தார். சிகாமணி போனை வாங்கினான்.

"சார், கோட்டைக்குப்பத்து சிகாமணி பேசறேன். சீட்டு வுயுந்தாச்சி. சட்டிய இப்பதான் நிமுத்தி வெக்கறேன். பரிசு முயுசா கைக்கி வந்தாத்தான் கவுப்போம். இங்க எல்லாரும் வட்டமா குந்திக்கினு கீறோம்."

தமிழ்வாணனுக்கு அண்டாவும் வட்டமும் நினைவுக்கு வந்திருக்கலாம். தனுஷ்கோடி நிரலில் சேர்ந்தது.

அமலன் போய்வந்த மறுநாள் எல்லோரும் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"தெரிஞ்சிச்சாடா?" என்றான் சிகாமணி.

"எங்க அண்ணை! ஒரே வெயில். தண்ணியும் வானமும்தான். போன்ல அக்காவோட கதைச்சன். 'தெரியிறாயடா தம்பி, வெள்ளைச் சேட்டு போட்டிருக்கிறாய், மெலிஞ்சுபோனாய்' எண்டு அழுதா."

"நீ இன்னா சொன்ன?"

"நீயும் தெரியிறாய் அக்கா, நீலச் சீலையில வடிவா இருக்கிறாய் எண்டன். ஓம் ஓம், நீலம்தான் எண்டா."

அங்கிருந்தவர்கள் கடல்காரர்கள். அத்தனை தூரத்தில் கப்பலே கண்ணுக்குப் புள்ளியாகத்தான் தெரியும் என்று அறிந்தவர்கள். தவிர, தனுஷ்கோடியில் அமலன் போட்டிருந்தது வெள்ளைச் சட்டை அல்ல. மாநாட்டில் கொடுத்த மஞ்சள் பனியனைத்தான் இன்னும் கழற்றாமல் போட்டுக்கொண்டு நின்றான். மார்பில் கொட்டை எழுத்தில் 'ஏமாறாதே' என்று இருந்தது.

இந்திராணி கையில் போன் இருந்தது. அவள் அதை மடியில் செருகிக்கொண்டு மூக்கை உறிஞ்சினாள். சிகாமணி உள்ளே போய்ச் சட்டியைக் கவிழ்த்துவிட்டு வந்தான்.